முப்பத்தொரு வீட்டுக்கும் ஒரு ஜோடிக் கால்

மருந்து நிறுத்தப்பட்ட வருஷம், ஐந்தாம் மாதம் பதினோராம் நாள், நிடுப் தன் மனைவியின் அக்கா சோமோவின் வயலை வெறுங்காலோடு குறுக்கே கடந்தார். அவர் நடந்த தடத்தில் இரண்டு முழ அகலத்துக்கு ஷோச்சும் களை கருகிப் போயிற்று. நெல் கருகவில்லை. குருணை மருந்து போட்ட மூன்றாம் நாள் எப்படிக் கருகுமோ அப்படியேதான் இலை முதலில் மஞ்சளாகி, பிறகு தேநீர் நிறமாகி, தண்டோடு தண்ணீருக்குள் அமிழ்ந்தது. மூன்று நாள் வேலை மூன்று மூச்சில் முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நிடுப் அதைக் கவனிக்கவில்லை. அவருடைய பசு எதிர் வரப்பில் சோயாச் செடியைத் தின்றுகொண்டிருந்தது, அதைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார். காலையிலிருந்து குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்த சோமோ இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தபோதுதான், துணி விரித்ததுபோல் வயலின் குறுக்கே கிடந்த பழுப்புத் தடத்தைப் பார்த்தாள்.

"மாப்பிள, மடியில மருந்து ஏதும் ஒளிச்சு வச்சிருக்கியா?"

"என் மடியில பாக்குகூட இல்ல மதினி. வேணும்னா அவுத்துக் காட்டவா?"

"சீ, அதெல்லாம் காட்ட வேண்டாம். இன்னொரு தரம் நடந்து காட்டு."

நடந்து காட்டினார். இன்னொரு தடம் விழுந்தது. "அந்த மூலைக்கும் ஒரு தரம் போயிட்டு வா," என்றாள் சோமோ. "அப்படியே அந்தக் கரையோரமா." பசு வரப்பு முழுவதையும் தின்று முடித்து, தானாகவே வீட்டுக்குப் போய்விட்டது. சோமோ ஒரு சொல்லும் திட்டவில்லை. அவள் பசுவைத் திட்டாத முதல் நாள் அது என்று எங்கள் ஊர் டோம்காவில் இன்றும் சொல்வார்கள்.

ஷோச்சும் தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கட்டைவிரல் அளவு இலை, பார்க்க அழகாகவே தண்ணீர்மேல் மிதக்கும். வேர் மட்டும் முழங்கை ஆழத்துக்குப் போகும். பிடுங்கும்போது விரல் நீளத் துண்டு சேற்றில் தங்கிவிட்டால் அது மூன்றாக முளைக்கும். அதைப் பிடுங்கிப் பிடுங்கித்தான் டோம்காவின் பெண்கள் நாற்பது வயதில் கூன் விழுந்து நடந்தார்கள். ஆகையால் மருந்து நிறுத்தப்படுவதற்கு இருபத்தாறு வருஷத்துக்கு முன் குருணை மருந்து முதல்முதலாக ஊருக்கு வந்தபோது, அதை வேண்டாம் என்று சொன்னவர் யாருமில்லை. அதை யார் கையால் போடுவது என்பதுதான் சிக்கலாயிற்று. மருந்து போட்டால் களை மட்டுமா சாகும்? சேற்றில் இருக்கும் அத்தனையும் சாகும். அந்தப் பாவம் யாருக்கு? கோயில் முற்றத்தில் வீட்டுக்கு ஒருவராகக் கூடி உட்கார்ந்து, வெண்ணெய்த் தேநீர் மூன்று சுற்று வந்தபிறகும் முடிவாகவில்லை. அப்போது சோமோதான் எழுந்து சொன்னாள்.

"இந்தச் சேத்துல நெளியிற புழு யாரு? போன வருஷம் செத்த எங்க சித்தியா இருக்கலாம். உங்க தாத்தாவா இருக்கலாம். இந்த ஊர்ல செத்தவங்க இந்த ஊர்லதானே பொறப்பாங்க, வேற எங்க போவாங்க? நாம போட்டா நம்ம சொந்தத்தையே கொன்ன மாதிரி. எங்க தங்கச்சி வீட்டுக்காரன் ஹா பள்ளத்தாக்கிலேர்ந்து வந்தவன். இந்தச் சேத்துல அவனுக்கு ஒரு சொந்தமும் கிடையாது."

அவள் சொன்னதில் எல்லாருக்கும் நியாயம் தெரிந்தது. நிடுப்புக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் நிலமும் பெண்களுக்குத்தான். கட்டிக்கொண்டு வந்தவனுக்கு ஊர்க்கூட்டத்தில் உட்கார இடம் உண்டு, பேச வாய் கிடையாது. அவர் மனைவி டெம் மட்டும் பின்வரிசையிலிருந்து ஒன்று கேட்டாள்.

"அப்ப நான் செத்தா?"

அவளுக்கு இருபத்து நான்கு வயது, கன்னம் இரண்டும் ஆப்பிள்போல் இருக்கும். எல்லாரும் சிரித்தார்கள். யாரும் பதில் சொல்லவில்லை.

முடிவு இப்படி ஆயிற்று: மருந்து நிடுப்பின் கை, விளக்கு ஊரின் கை. அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு மூன்று மரப்படி சிவப்பரிசி அவருக்குப் போகும். முதல் மாதப் பௌர்ணமியில் முப்பத்தொரு வீடும் அவர் பெயருக்கு ஒவ்வொரு வெண்ணெய் விளக்கு ஏற்றும். இருபத்தாறு வருஷம் இது தவறாமல் நடந்தது. பூட்ஸ் போட்டால் சேறு பிடித்து இழுக்கும் என்பதால், நிடுப் வெறுங்காலோடு ஒவ்வொரு வயலாக இறங்கி, விதை தூவுவதுபோல் குருணையைத் தூவினார். மருந்துப் பையோடு வந்த தாளில் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொல்லியிருந்தது. அவர் ஒருநாளும் தவறாமல் கையைக் கழுவினார். காலைப் பற்றி அந்தத் தாளில் ஒன்றும் இல்லை.

பிறகு நாடு முழுக்க மருந்தில்லா விவசாயம் என்று உத்தரவு வந்தது. யாங்கி என்ற விவசாய அலுவலர், கிரா உடுப்பின் மடிப்பில் பேனா செருகிய இளம்பெண், லாரியோடு வந்து, மிச்சமிருந்த பைகளை எண்ணி ஏற்றிக்கொண்டு, ஊர் எல்லையில் 'மருந்தில்லா ஊர்' என்று பச்சைப் பலகை ஒன்றை நட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு டோம்காவிலேயே மகிழ்ச்சியாக இருந்தவர் நிடுப் ஒருவர்தான். "இனி நான் சும்மா மனுஷன்," என்று டெம்மிடம் சொன்னார். அந்த மகிழ்ச்சி மொத்தம் முப்பத்தேழு நாள் நீடித்தது. முப்பத்தெட்டாம் நாள் பசு வரப்பை மேய்ந்தது.

மறுபடி கோயில் முற்றம், மறுபடி தேநீர். ஊர்ப் பிரதிநிதி ரிகே உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தான். "குருணை கூடாதுன்னு இருக்கு. தெளிப்பான் கூடாதுன்னு இருக்கு. கால் கூடாதுன்னு எங்கயும் இல்ல," என்றான். அதற்குமேல் பேச்சு நீளவில்லை. டெம் மட்டும், "என் வயல்ல அவர் இறங்க மாட்டாரு. என் களையை நான் பிடுங்கிக்கிறேன்," என்றாள். அவளுக்குப் பைத்தியம் என்று சோமோ சொன்னாள். பைத்தியமோ என்னவோ, அந்த வருஷத்திலிருந்து டோம்காவில் கையால் களை பிடுங்கிய வயல் டெம்முடையது ஒன்றுதான். மற்ற முப்பத்தொன்றிலும் நிடுப் நடந்தார்.

அவர் மாட்டேன் என்று சொல்லவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. சொன்னார். ஆனால் மிகுந்த மரியாதையோடு கேட்பவர்களிடம் எத்தனை தரம் மாட்டேன் என்று சொல்ல முடியும்? அதுவரை 'ஏ நிடுப்', 'மருந்துக்காரா' என்று கூப்பிட்ட ஊர், அவரை 'அப் நிடுப் லா' என்று கூப்பிடத் தொடங்கியது. முன்னால் ஒரு அப், பின்னால் ஒரு லா, நடுவில்தான் அவருடைய பெயர். பெரிய லாமாவுக்குப் போடும் மரியாதை. ஒரு வீட்டிலிருந்து பாலாடைக்கட்டி வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து ஆரா சாராயம் வந்தது, கூரைக்குப் புதுத் தகடு வந்தது. இரண்டாம் வருஷம் ஹாவில் அவருடைய அண்ணன் இறந்தபோது எரியூட்டலுக்குப் போகக் கிளம்பினார். டாக்சி ஓட்டுபவன் வண்டி பழுது என்றான். அடுத்த டாக்சிக்காரனுக்கு இடுப்பு வலி. மூன்றாவது டாக்சிக்காரன் ஏற்றிக்கொண்டான். பாலம்வரை போய், எதையோ மறந்துவிட்டேன் என்று சொல்லித் திருப்பிக் கொண்டுவந்து வாசலிலேயே இறக்கிவிட்டான். "எதுக்கு லா இந்த வயசுல அலையணும்?" என்று ரிகே தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். நாற்று நடவுக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது.

ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தால் காலடியில் ஒன்றும் சாகவில்லை என்பதை டெம்தான் கண்டுபிடித்தாள். அதனால் வீட்டு வாசல், கோயில் பாதை, கடை எங்கே போனாலும் அவர் பூட்ஸோடுதான் போனார். வயலுக்கு மட்டும் கழற்றினார். சாயங்காலமானால் டெம் சாம்பலும் கோமியமும் கலந்து அவர் காலைத் தேய்த்துக் கழுவுவாள். கழுவிய தண்ணீர் ஊற்றிய இடத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு வட்டத்தில் இன்றும் புல் கிடையாது.

மூன்றாம் வருஷம் டோம்காவில் தவளை கத்தவில்லை. நான்காம் வருஷம் தும்பி வரவில்லை. ஐந்தாம் வருஷம் தகைவிலான் குருவிகள் வழக்கமான நாளில் வந்து, வயல்களுக்குமேல் இரண்டு சுற்றுச் சுற்றி, தின்ன ஒன்றும் இல்லாமல் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விட்டன. டெம்மின் வயலில் மட்டும் எல்லாம் இருந்தன. ஊரிலிருந்த தவளை அத்தனையும் அந்த ஒரு வயலுக்குக் குடிவந்து, வரப்பில் நிற்க இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மற்ற முப்பத்தொரு வயலும் கண்ணாடிபோல் இருந்தன. ஒரு களை இல்லை. பக்கத்து ஊர்களில் ஷோச்சும் தலைக்குமேல் போய், பெண்கள் முதுகில் சூடு வைத்துக்கொண்டு திரிந்தபோது, டோம்கா முன்மாதிரி ஊர் ஆயிற்று. மண்ணைக் காகிதப் பொட்டலத்தில் கட்டி எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். மருந்து ஒன்றும் இல்லை என்று வந்தது. மற்ற பள்ளத்தாக்குக்காரர்கள் வண்டி பிடித்து வந்து, இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். "கையால பிடுங்குறோம் லா," என்று எங்கள் பெண்கள் கையை நீட்டிக் காட்டினார்கள். முந்தின நாளே நகக்கண்ணில் சேறு அப்பி வைத்திருப்பார்கள். யாங்கி மட்டும் ஒருநாள் வரப்பில் நின்று காதைச் சாய்த்தாள்.

"இந்த ஊர்ல அந்த ஒரு வயல்ல மட்டும்தான் தவளை கத்துது. மத்ததுல ஏன் சத்தமே இல்ல?"

"மத்ததெல்லாம் பக்தியான தவளைங்க மேடம்," என்றான் ரிகே. "மௌன விரதம்."

அவள் சிரித்தாள். ஆனால் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டாள்.

நிடுப் கனத்துக்கொண்டே போனார். பார்க்க அதே ஒல்லி உடம்புதான். சேற்றுக்குத்தான் கனம் தெரிந்தது. முதல் வருஷம் கணுக்கால்வரை இறங்கியவர், மூன்றாம் வருஷம் கெண்டைக்கால்வரையும் ஆறாம் வருஷம் முழங்காலுக்குமேலும் இறங்கினார். ஒவ்வொரு வயல் முடிந்ததும் இரண்டு ஆண்கள் வரப்பிலிருந்து கயிறு போட்டு இழுக்க வேண்டியிருந்தது. வீட்டு மாடியில் அவர் நடந்தால் கீழே தொழுவத்தில் பசு தலையைத் தூக்கிப் பார்க்கும்.

ஆறாம் வருஷ அறுவடைக்குப் பிறகு டெம்முக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். வெயில் விழும் ஜன்னலோரம் படுத்திருந்தவள் ஒரு மத்தியானம் அவரைக் கூப்பிட்டு, "அன்னைக்குக் கோயில்ல ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"ஒருத்தரும் பதில் சொல்லல."

"சிரிச்சாங்க."

"நீயும்தான் சிரிச்சே. பரவாயில்ல. நான் செத்தா இங்கதான் எங்கயாவது இருப்பேன். இது என் வீடு, நான் வேற எங்க போறது? சின்னதாத்தான் பொறப்பேன்னு தோணுது. காலைப் பார்த்து வையி."

டெம் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், நிடுப் பூட்ஸை மாட்டிக்கொண்டு, மலைமுகட்டுத் தியானக் குடிலில் இருக்கும் லாமாவைப் பார்க்க ஏறினார். லாமாவுக்கும் அவருக்கும் ஒரே வயது. டெம் எங்கே பிறந்திருக்கிறாள் என்று கேட்டார். லாமா கணித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில்தான், ஈரமான இடம், அதற்குமேல் தெரியவில்லை என்றார். "அப்ப என்னை இங்கயே வச்சுக்குங்க லா. மிச்ச காலம் கும்பிட்டுக் கிடக்கிறேன்," என்றார் நிடுப்.

"பூட்ஸோடயா கும்பிடுவே? கழட்டினா இங்க எறும்பு இருக்கு. காலுக்கு ஒரு வழி பண்ணிட்டு வா."

"இதை எங்க லா கொண்டுபோய் விடுறது?"

"எங்க வாங்கினியோ அங்க," என்றார் லாமா. பிறகு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

அவர் இறங்கி வருவதற்குள், மாப்பிள்ளை ஒரேயடியாக ஊரைவிட்டுப் போகப்போகிறார் என்ற செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அவர் ஏணிப்படி அடியில் கழற்றி வைத்த பூட்ஸ் மறுநாள் காலையில் அங்கே இல்லை. நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றாள் சோமோ. நாய் இரண்டையும் ஜோடியாகவா தூக்கிப் போகும் என்று யாரும் கேட்கவில்லை. கடைக்குச் சொல்லியனுப்பினார். பத்தாம் நம்பர் பூட்ஸ் மட்டும் தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்று எல்லாம் இருந்தன. அவர் பதினொன்று கேட்டபோது பதினொன்றும் தீர்ந்துவிட்டது. ஓர் ஏணியும் ஒரு வாசலும் தாண்டினால் எல்லாப் பக்கமும் ஈரமண். அதில் எந்தப் பிடி மண்ணில் டெம் இருக்கிறாள் என்று தெரியாது. நிடுப் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். பலகை செத்த மரம், அதற்கு ஒன்றும் ஆகாது. அவருக்கு வேளாவேளைக்குச் சோறும் மிளகாய்க்கறியும் போயிற்று, கீழே வாசலில் முறைவைத்து இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காவல் என்று யாரும் சொல்லவில்லை. "பெரியவருக்குத் துணை," என்றார்கள்.

ஏழாம் வருஷ நடவு முடிந்தது, நிடுப் இறங்கவில்லை. கெஞ்சினார்கள், அழுதார்கள், பூட்ஸ் தந்துவிடுகிறோம், இந்த ஒரு வருஷம் நடந்து கொடுங்கள் லா என்றார்கள். அவர் ஜன்னல் வழியாக டெம்மின் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடுங்க ஆளில்லாமல் அதில் ஷோச்சும் மூடியிருந்தது, இலைக்கு ஒரு தவளை. மற்ற முப்பத்தொன்றிலும் களை மூடியது. ஆறு வருஷம் குனியாத முதுகுகள் குனிய மறுத்தன. அந்த நேரம் பார்த்து, டோம்கா அரிசியை மொத்தமாக வாங்க வெளிநாட்டு வியாபாரிகள் வரப்போவதாகவும், வயலை நேரில் பார்ப்பார்கள் என்றும் யாங்கியிடமிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ரிகே ஏணியடியில் வந்து நின்றான்.

"அப் நிடுப் லா, ஊர் மானமே உங்க காலடியில இருக்கு."

"அங்க வேற நெறைய இருக்கு ரிகே. அதான் இறங்க மாட்டேங்கிறேன்."

"என்ன வேணும்னு சொல்லுங்க லா. எதுன்னாலும் செய்யிறோம்."

நிடுப் அன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மறுநாள் காலையில் ஜன்னலில் தலைநீட்டிச் சொன்னார். "வர்றேன். ஆனா என் கால் தண்ணியில படாது. வயல் யாரு பேருல இருக்கோ, அவ முதுகுல என்னைச் சுமக்கணும். வயல் முழுக்க, ஒரு மூலை விடாம. கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. டெம் வயல்ல யாரும் இறங்கக் கூடாது."

"கால் படாம களை எப்படி லா சாகும்?"

"சாகலைன்னா என்னை இறக்கி விட்டுருங்க."

ரிகேயின் மனைவி இதில் குறுக்குவழி பார்த்தாள். சாலை வேலைக்கு வந்திருந்த ஒரு தடியனைப் பிடித்து, பெரியவரைச் சுமந்து தன் வயலில் இறங்கச் சொன்னாள். களை அசையவில்லை. அவன் ஆறடி நடந்து முகங்குப்புற விழுந்தான். நிடுப் அவன் முதுகின்மேல் காலைத் தூக்கிக்கொண்டு, படகில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தார். அப்படியே பலகை போட்டு மீட்டார்கள். அதற்குப்பிறகு யாரும் குறுக்குவழி பார்க்கவில்லை.

முதலில் யார் என்ற கேள்வி வந்தது. எல்லாரும் சோமோவைப் பார்த்தார்கள். அவளுக்கு அப்போது அறுபத்தாறு வயது, நிடுப்பின் மார்பு உயரம்தான் இருப்பாள். கிராவை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு ஏணியடியில் முதுகைக் காட்டிக் குனிந்தாள். அவர் ஏறி, நீளக் கால்களை அவள் இடுப்பைச் சுற்றி மடக்கிக்கொண்டார். அவள் வாயிலிருந்து காற்று போயிற்று.

"என்ன மாப்பிள, கல்லையா தின்னே இத்தனை நாளும்?"

"நீங்க போட்ட மூணு படி அரிசிதான் மதினி. இருபத்தாறு வருஷம்."

அவள் வயலில் இறங்கினாள். கால் வைத்த இடத்தில் களை கருகியது. அவர் கால் படவேயில்லை, வரப்பில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள், இருந்தாலும் கருகியது. ஊர் மூச்சுவிட்டது. சோமோ நாலடிக்கு ஒருதரம் நின்று, திட்டி, மறுபடி நடந்தாள். ஒரு மூலை மிச்சமில்லாமல் சுற்றி முடிக்க அரைநாள் ஆயிற்று. அந்த வயலில் அப்போது சாவதற்குக் களையைத் தவிர அதிகம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தவையெல்லாம் எப்போதோ டெம்மின் வயலுக்குப் போய்விட்டிருந்தன. கரையேறி அவரை அடுத்த வீட்டுக்காரியின் முதுகுக்கு மாற்றிவிட்டு, சோமோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தன் வாசல்வரை புல்லில் இரண்டு முழ அகலத்துக்குப் பழுப்புத் தடம் வந்திருப்பதைக் கண்டிருப்பாள். கண்ட மற்றவர்கள் அது பெரியவரைச் சுமந்து போன தடம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது வீட்டுக்காரி, சோமோ சொன்ன அளவுக்குக் கனக்கவில்லையே என்றாள். ஐந்தாவது வீட்டுக்காரி நெல்மூட்டை கனம் என்றாள். பத்தொன்பதாவது வீட்டுக்கு வந்தபோது, பால் குடிக்கும் கன்று அளவுதான் இருந்தார். அந்த முதுகு இன்றும் அதை நினைவில் வைத்திருக்கிறது. ஒன்பது நாள் இது நடந்தது. முப்பத்தோராவது வீட்டுக்காரி ரிகேயின் மனைவி. அவள் முதுகில் நிடுப் வைக்கோல் கட்டுபோல் இருந்தார். அவள் சிரித்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாகச் சுற்றி, குறுக்குவழி பார்த்ததால் கடைசியாக வந்தோம், அதுவும் நல்லதாகத்தான் போயிற்று என்று சொன்னாள். கரையில் இறங்கிய நிடுப் நேராக டெம்மின் வயல் வரப்புக்குப் போனார். போன பாதையில் புல் பச்சையாகவே இருந்தது. அதை முதலில் பார்த்தது சோமோ. பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு முப்பத்தொரு பெண்களும் குனிந்து அவரவர் காலைப் பார்த்தார்கள்.

நிடுப் வரப்பில் உட்கார்ந்து முதலில் ஒரு காலைத் தண்ணீரில் விட்டார். களை கருகவில்லை. தவளைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டன. மறு காலையும் விட்டு, எழுந்து நின்றார்; கணுக்கால்வரைதான் இறங்கினார். முப்பத்து மூன்று வருஷத்தில் அந்தத் தண்ணீரில் ஒன்றும் சாகாமல் அவர் நின்றது அதுதான் முதல் தடவை. கலங்கிய சேற்றிலிருந்து நூல்போல ஒரு மண்புழு மேலே வந்து, அவருடைய பாதத்தின்மேல் ஏறி, மெதுவாகக் குறுக்கே போனது. அவர் அசையவில்லை. அது ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்குப் போகும்வரை காத்திருந்தார். வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. அது இறங்கிப் போனபிறகுதான் காலை எடுத்தார், எடுக்கும்போது கீழே பார்த்து வைத்தார்.

மறுநாள் காலையில் அவர் வெறுங்காலோடு மலைக்கு ஏறக் கிளம்பியபோது, ஏணியடியில் பத்தாம் நம்பர் பூட்ஸ் ஜோடியாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சோமோ, கால் மண்ணில் படாமல், உரல்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நாய் கொண்டாந்து போட்டுருச்சு," என்றாள்.

"நல்ல நாய். நீங்களே போட்டுக்கங்க மதினி, எனக்கு வேண்டாம்."

"எனக்குப் பெருசு."

"முன்னாடி வைக்கோல் திணிச்சுக்கங்க."

அவள் போட்டுக்கொண்டாள். அவர் போன திசையை மட்டும் பார்க்கவில்லை. வியாபாரிகள் வந்த அன்று டோம்காவின் பெண்கள் எல்லாரும் ரப்பர் பூட்ஸோடு வரிசையாக நின்றார்கள். ஊருக்கு ஒரே மாதிரி உடுப்பு என்று நினைத்து வியாபாரிகள் படம் எடுத்துக்கொண்டார்கள். அரிசியை வாங்கினார்களா இல்லையா என்பது வேறு கதை. யாங்கி படம் எடுக்கவில்லை. டெம்மின் வயலோரம் நின்று தவளைச் சத்தம் கேட்டுவிட்டு, குறிப்பேட்டில் அந்த ஒரு வயலைச் சுற்றி வட்டமிட்டாள்.

அது நடந்து பதினான்கு வருஷம் ஆகிறது. சோமோவின் வெறுங்காலடியில் இரண்டு முழமும், பத்தொன்பதாவது வீட்டில் ஒரு கையகலமும், ரிகேயின் மனைவிக்குக் கட்டைவிரல் அகலமும் கருகியது. யாரும் வெறுங்காலோடு வயலில் இறங்குவதில்லை. இறங்கிச் சாகடித்தால் அது இனி யார் கணக்கு என்று எல்லாருக்கும் தெரியும். சேறு பிடித்து இழுக்க இழுக்க, பூட்ஸோடு இறங்கி, குனிந்து, கையால்தான் பிடுங்குகிறோம். முதுகு வளைந்துவிட்டது. நிலம் யார் பேருக்கு மாறுகிறதோ, அவள் பத்திரத்தில் பெருவிரல் வைத்த மறுநாள் காலையிலிருந்து கருகல் அவள் காலுக்குப் போய்விடுகிறது. அதனால் தலைநகர் திம்புவில் இருக்கும் மகள்கள், இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று போனில் சொல்கிறார்களே தவிர, கையெழுத்துப் போட வருவதில்லை. தாய்மார்களும் வற்புறுத்துவதில்லை. ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று கிளம்பிய இரண்டு பேர் பாலத்தைத் தாண்டினார்கள். அக்கரையில் எந்த ஊரிலும் பெண்ணைப் புல்லில் வெறுங்காலோடு நிற்கச் சொல்லிப் பார்த்தபிறகுதான் வீடு வாடகைக்குத் தருகிறார்கள் என்பதால் திரும்பி வந்துவிட்டார்கள். முதல் மாதப் பௌர்ணமிக்கு அவரவர் விளக்கை அவரவர் பெயருக்கே ஏற்றிக்கொள்கிறோம்.

முகட்டில் புகை தெரிந்தால் நிடுப் தேநீர் போடுகிறார் என்று அர்த்தம். அவர் ஏறிப் போன மூன்றாம் வருஷத்திலிருந்து தும்பி வருகிறது. தகைவிலான் போன வருஷம் ரிகே வீட்டு இறவாணத்தில் கூடு கட்டியது. சோமோ தன் எண்பதாவது வயதில், வாசல் புல்லில் வருஷத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு தடவை வெறுங்காலை வைத்து, வைக்கோல் குச்சியால் அளந்து பார்க்கிறாள். இந்த வருஷம் ஒரு முழத்துக்கு இரண்டு விரல் குறைவாக இருந்தது. கடையில் இப்போது பூட்ஸ் எல்லா நம்பரிலும் கிடைக்கிறது.